சாட்சியும் சிலையும்: கிறிஸ்தவ வாழ்க்கை வரலாறுகளை வாசிப்பது பற்றி

ஒரு மதத்தின் கோட்பாடுகளை ஏற்காத ஒருவர்கூட, அந்த மதத்தின் பெயரால் வாழ்ந்து மடிந்த ஒரு மனிதரின் வாழ்க்கையினால் அசைக்கப்படலாம். கோட்பாட்டுடன் வாதாடலாம், அதை மறுதலிக்கலாம். வாழ்ந்து முடித்த ஒரு வாழ்க்கையை அவ்வளவு இலகுவாக மறுத்துவிட முடிவதில்லை. கிறிஸ்தவ மரபு இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டிருந்தது. இறையியல் நூல்களுக்குப் பக்கத்திலேயே வாழ்க்கை வரலாறுகளையும் அது எழுதிச் சேர்த்துவந்தது.

ஆனால் இவ்வாழ்க்கைகளை எப்படி வாசிப்பது என்ற கேள்வி எம்மிடையே அதிகம் எழுப்பப்படுவதில்லை. விசுவாசிகள் அவற்றை வணங்குவதற்குரிய கதைகளாக எடுத்துக்கொள்கிறார்கள். இடதுசாரி மரபிலும் பகுத்தறிவு மரபிலும் வந்த பலர், சிலுவையும் வாளும் ஒரே கப்பலில் வந்திறங்கியவை என்ற ஒரு வசனத்துடன் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த இரு தரப்பாரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: அந்த வாழ்க்கைகளைக் கவனமாக வாசிக்கும் தேவை இருவருக்கும் ஏற்படுவதில்லை. விசுவாசியல்லாதவருக்கும் பயன்படக்கூடிய ஒரு வாசிப்பு முறை சாத்தியம் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆன்மிகம் என்ற சொல்லை இங்கு பரந்த பொருளில், ஒரு மனிதர் தன் மனச்சாட்சிக்குத் தானே பொறுப்பேற்றுக்கொள்ளும் நிலை என்ற பொருளில் பயன்படுத்துகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

மதத்துக்காக உயிர்நீத்தவரைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் பயன்படுத்தும் சொல் 'மார்த்துஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் சாட்சி. வழக்கு மன்றத்தில் நின்று தான் அறிந்ததைச் சொல்பவர். காலப்போக்கில் ஐரோப்பிய மொழிகளில் அச்சொல் உயிரைக் கொடுத்தவர் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் மூலப்பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் வேதசாட்சி என்றார்கள், பின்னர் மறைசாட்சி என்றார்கள். புரட்டஸ்தாந்தர் இரத்தசாட்சி என்றார்கள். எல்லாவற்றிலும் சாட்சி இருக்கிறது.

எமது அரசியல் மொழியில் அந்த இடத்தில் இருப்பவை தியாகி, மாவீரர் என்ற சொற்கள். வேறுபாடு சிறியதல்ல. தியாகம் என்பது கொடுத்ததன் அளவைக் கொண்டு மதிக்கப்படுவது. எவ்வளவு கொடுத்தார் என்று கேட்கலாம். எதற்காக, யாருக்கு எதிராக, சரியா என்று கேட்டால் அது அவமதிப்பு ஆகிவிடுகிறது. சாட்சியின் நிலை வேறு. அவர் சொன்னது உண்மையா என்பதே அங்கு முதற் கேள்வி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், செய்யவும் வேண்டும். சிலைக்கு மாலைதான் போடலாம்.

ஆகவே இவ்வாழ்க்கைகளைச் சாட்சியங்களாக வாசிப்பதென்றால் குறைந்தது மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஒன்று, இவர் எதைக் கண்டார், அதைக் காண்பதற்கு முன் எங்கே நின்றார்? இரண்டு, கண்டதைச் சொன்னபோது இவருடைய சொந்தச் சனங்கள் என்ன செய்தார்கள்? மூன்று, இவர் எதைக் காணத் தவறினார்?

வாசிப்பின் சங்கிலி

வாழ்க்கை வரலாறு வாசகரை மாற்றும் என்பதற்குக் கிறிஸ்தவ வரலாற்றில் ஆதாரங்கள் நிறைய உண்டு. கி.பி. 203இல் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பெர்பேத்துவா என்ற பெண் ரோம அதிகாரிகளால் அரங்கில் வைத்துக் கொல்லப்பட்டார். வயது 22 அளவில், கையில் பால்குடிக் குழந்தை. சிறையிலிருந்து அவர் எழுதிய குறிப்புகள் இலத்தீனில் எமக்குக் கிடைத்துள்ளன. ஒரு கிறிஸ்தவப் பெண் தானே எழுதியவை என்று கருதப்படும் மிகப் பழைய எழுத்துகளில் அவையும் அடங்கும். அவற்றில் வீர வசனம் குறைவு. சிறையின் இருட்டு, குழந்தையைப் பற்றிய கவலை, மீண்டும் மீண்டும் வந்து கெஞ்சும் வயதான தந்தை ஆகியவையே அதிகம். அவருடன் இறந்தவர்களில் பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் ஒருவர். அவர் சிறையில் பிள்ளை பெற்றவர்.

எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்து 356இல் இறந்த அந்தோனியாரின் வரலாற்றை அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் எழுதினார். (எமது பக்கத்தில் வனத்து அந்தோனியார் எனப்படுபவர் இவர். கச்சதீவில் கோயில் கொண்டிருக்கும் பதுவை அந்தோனியார் வேறு, காலத்தால் மிகப் பிந்தியவர்.) அந்நூலைத் தற்செயலாக வாசித்த இரு அரச அதிகாரிகள் தமது பதவியைத் துறந்த செய்தியை, 386இல் மிலான் நகரிலிருந்த அகுஸ்தீன் ஒரு நண்பர் வாயிலாகக் கேட்டார். அவருடைய மனமாற்றத்துக்கு அது உடனடித் தூண்டுதலாயிற்று. 1521இல் பம்புலோனா முற்றுகையில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து படுத்திருந்த இக்னாசியுஸ் லொயோலா வீரக் காதற் கதைகளை வாசிக்கக் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும்தான். யேசு சபையின் தோற்றத்துக்கான வேர்களில் ஒன்று அந்த வாசிப்பு.

ஆனால் இதே சங்கிலி வேறு திசையிலும் இழுக்கும். இயேசுவின் சீடரான யாக்கோபு கலிலேயாவின் ஒரு மீனவர். ஏரோதின் வாளால் கொல்லப்பட்டவர். மத்தியகால ஸ்பெயின் அவரை வெள்ளைக் குதிரையேறி முஸ்லிம்களை வெட்டி வீழ்த்தும் போர்வீரராக்கியது. அவருடைய பெயரைப் போர் முழக்கமாகக் கூவிக்கொண்டே ஸ்பானியப் படைகள் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள்மீது பாய்ந்தன. வாளால் கொல்லப்பட்டவரின் கையிலேயே வாளைக் கொடுத்துவிடும் வேலையைச் சிலை செய்யும். சாட்சியத்தின் உள்ளடக்கம் அழிந்து பெயர் மட்டும் எஞ்சும்போது இது நடக்கிறது.

லாஸ் காசாஸ்: காணவும் தவறவும்

அந்தப் படைகளுடன் போனவர்களில் ஒருவர் பார்த்தொலொமே டி லாஸ் காசாஸ். 1484இல் செவில் நகரில் பிறந்து, 1502இல் கரீபியன் தீவான ஹிஸ்பானியோலாவுக்குக் குடியேறியாக வந்தார். பின்னர் குருவானார். கியூபாவைக் கைப்பற்றிய படையுடன் குருவாகச் சென்றவர், அதற்கு வெகுமதியாக நிலமும் பூர்வகுடிகளைக் கொண்டு வேலை வாங்கும் உரிமையும் பெற்றார். 1511 டிசம்பரில் அந்தோனியோ டி மொன்தெசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி சாந்தோ தொமிங்கோ நகரில் குடியேறிகளைப் பார்த்து, இந்த மக்கள் மனிதர்கள் இல்லையா, எந்த உரிமையில் இவர்களை அடிமைப்படுத்துகிறீர்கள் என்ற பொருளில் பகிரங்கமாகப் பிரசங்கித்தார். குடியேறிகள் கொதித்தெழுந்தனர். லாஸ் காசாஸ் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் தன் ஆட்களை விடவில்லை. பூர்வகுடிகளை வைத்திருந்த காரணத்தால் ஒரு தொமினிக்கன் துறவி அவருக்குப் பாவமன்னிப்பு மறுத்தபோதுகூட விடவில்லை.

1514இல் பெந்தெகொஸ்தே திருநாளுக்கான பிரசங்கத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது விவிலியத்தின் சீராக் நூலின் 34ஆம் அதிகாரம் அவருடைய கண்ணில் பட்டது. ஏழைகளிடமிருந்து பறித்ததைக் கடவுளுக்குக் காணிக்கையாக்குவது கொலைக்கு ஒப்பானது என்ற கருத்தைச் சொல்லும் பகுதி அது. அவர் தன் வசமிருந்தவர்களை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வாழ்ந்த அரை நூற்றாண்டும் ஸ்பானிய அரசவையில் வாதாடுவதிலும் எழுதுவதிலும் கழிந்தது. 1550-51இல் வாயாதோலித் நகரில், பூர்வகுடிகள் இயல்பிலேயே அடிமைகள், அவர்கள்மீது போர் தொடுப்பது நியாயம் என்று வாதிட்ட செபுல்வேதாவை எதிர்கொண்டார். அவருடைய இனத்தவர் பலருக்கு அவர் துரோகி. ஸ்பெயினின் எதிரிகளுக்குத் தீனி போடுபவர் என்பது குற்றச்சாட்டு. 1552இல் அச்சான அவருடைய சிறு நூலை ஸ்பெயினின் எதிரி நாடுகள் தமது பிரசாரத்துக்குப் பயன்படுத்தின என்பதும் உண்மைதான். எமக்கு மிகவும் பழக்கமான ஒரு வாதம் இது. தன் இனத்தின் குற்றத்தை வெளியே சொன்னால் எதிரிக்கு உதவுவதாகாதா? லாஸ் காசாஸ் இதற்குக் கொடுத்த பதில் மேலும் எழுதியதுதான்.

மூன்றாவது கேள்வியை அவரிடம் கேட்காமல் விடமுடியாது. பூர்வகுடிகளைக் காப்பாற்றும் அவசரத்தில், அவர்களுக்குப் பதிலாக ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516இலும் 1518இலும் அவர் ஆலோசனை கூறினார். ஒரு மக்களின் துயரைக் கண்ட கண், அதே வேளையில் இன்னொரு மக்களின் துயரைக் காணவில்லை. பிற்காலத்தில் ஆபிரிக்கர்கள் பிடிக்கப்பட்ட விதத்தை அறிந்தபின், அவர்களுடைய அடிமைத்தனமும் பூர்வகுடிகளுடையதைப் போலவே அநீதியானது என்றும், தன் அறியாமை கடவுள் முன் தன்னைக் காப்பாற்றுமா என்பது தெரியவில்லை என்றும் தன் பெரிய வரலாற்று நூலில் பதிவு செய்தார். அந்நூல் 1875இல்தான் அச்சேறியது. அவரைப் புனிதராக்க விரும்புவோர் இந்தப் பகுதியை மெல்லமாகத் தாண்டுகிறார்கள். அவரை நிராகரிக்க விரும்புவோர் இதை மட்டுமே பேசுகிறார்கள். என் பார்வையில் இந்தப் பகுதியே அவரை நம்பத்தக்க சாட்சியாக்குகிறது. தனக்கு எதிராகவும் சாட்சி சொல்லக்கூடிய ஒருவர், பிறருக்கு எதிராகச் சொல்வதை நாம் கூடுதலாக நம்பலாம்.

ஊரோடு ஒத்தோடாத ஒரு விவசாயி

லாஸ் காசாஸ் படித்தவர், அரசவைக்குள் நுழையக்கூடியவர். ஒஸ்திரியாவின் ஃபிரான்ஸ் யேகர்ஸ்ரேற்றர் அப்படியல்ல. 1907இல் ராடெகுண்ட் என்ற சிறு கிராமத்தில் பிறந்த விவசாயி. இளமையில் ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் என்றும் சண்டைக்காரர் என்றும் பெயர் எடுத்தவர். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் பிள்ளைக்குத் தந்தையானவர். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்தபின் வாழ்க்கை அமைதியடைந்தது. மூன்று பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். 1938 ஏப்ரலில் ஒஸ்திரியாவை ஜேர்மனியுடன் இணைப்பது பற்றிய வாக்கெடுப்பில் அக்கிராமத்தில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். உள்ளூர் அதிகாரிகள் அந்த ஒரு வாக்கையும் மறைத்து முழுக் கிராமமும் ஆதரித்ததாக அறிவித்தனர்.

1940இல் இராணுவப் பயிற்சிக்குச் சென்று திரும்பியவர், இனி ஹிட்லரின் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஊர்க் குருவானவர், உறவினர்கள், இறுதியில் லின்ஸ் மறைமாவட்ட ஆயர் வரை எல்லோரும் அவருக்குச் சொன்னது ஒன்றே: குடும்பத்தைப் பார், போரின் நியாயத்தைத் தீர்மானிப்பது உன் வேலையல்ல. 1943 மார்ச்சில் முகாமுக்குச் சென்று தன் மறுப்பைத் தெரிவித்தார். மருத்துவப் பணியாளராகச் சேவை செய்யத் தயார் என்றார், ஏற்கப்படவில்லை. 1943 ஆகஸ்ட் 9ஆம் திகதி பிராண்டன்பூர்க் சிறையில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. மரணத்துக்கு முந்திய நாட்களில், அதே மறுப்புக்காக முந்திய ஆண்டில் கொல்லப்பட்ட ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர் ஒருவர் இருந்தார் என்பதைச் சிறை மதகுரு அவருக்குச் சொன்னார். தான் தனியன் அல்ல என்ற ஆறுதல் அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது. ஒரு வாழ்க்கையின் செய்தி இன்னொரு வாழ்க்கைக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறிய, தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

போர் முடிந்த பின்பும் ஊர் அவரை மன்னிக்கவில்லை. அந்த மண்ணின் பிள்ளைகள் ஹிட்லரின் சீருடையில் இறந்திருந்தார்கள். அவருடைய மறுப்பைச் சரி என்றால், தம் பிள்ளைகளின் சாவு எதற்காக என்ற கேள்விக்கு அந்தத் தாய்மார் என்ன பதில் சொல்வார்கள்? இந்தக் கேள்வியின் கனத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. பிரான்சிஸ்காவுக்குப் போர் விதவைகளுக்கான உதவிப்பணம் ஆரம்பத்தில் மறுக்கப்பட்டது. அவருடைய கதையை மறைமாவட்டப் பத்திரிகையில் வெளியிடவும் ஆயர் விரும்பவில்லை. 1964இல் கோர்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதிய நூலின் மூலமே உலகம் அவரை அறிந்தது. 1997இல் பேர்லின் நீதிமன்றம் தண்டனையை இரத்துச் செய்தது. 2007இல் வத்திக்கான் அவரை அருளாளராக உயர்த்தியது. அந்த விழாவில் 94 வயதான பிரான்சிஸ்கா கலந்துகொண்டார். 2019இல் அவரைப் பற்றிய திரைப்படமும் வந்தது.

சிலை எழுந்ததும் மறைவது பிரான்சிஸ்காதான். முதலில் கணவரின் முடிவை மாற்ற முயன்றவர், ஊரே எதிர்த்து நிற்பதைக் கண்டபின் அவருடைய பக்கத்தில் நின்றவர். தானும் நிற்காவிட்டால் அவருக்கு ஒருவருமே இல்லை என்று பின்னாளில் அவர் காரணம் சொன்னார். கணவர் இறந்தபின் வயலையும் பிள்ளைகளையும் தனியே சுமந்து, 2013இல் 100 வயதில் இறந்தார். எம்மிடையேயும் இறந்தவருக்குக் கிடைக்கும் இடம், எஞ்சியிருந்து சுமக்கும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

துன்பத்தின் நினைவு எங்கே கொண்டுசெல்லும்?

தனிமனிதரிலிருந்து ஒரு சமூகத்துக்கு வருவோம். பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தரான ஹூகனோக்களின் வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி இரத்துச் செய்தான். இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினர். இன்று எம்மைக் குறிக்க ஆங்கிலத்தில் பயன்படும் 'ரெஃபுஜி' என்ற சொல், அவர்களைக் குறிக்கவே பிரெஞ்சிலிருந்து அம்மொழிக்குள் வந்தது. ஓடாமல் தங்கியவர்கள் மலைப்பகுதிகளில் இரகசியமாக வழிபட்டனர். மரி துரான் என்ற பெண், மதபோதகரான தன் சகோதரன் காரணமாக 1730இல் தன் 19ஆவது வயதில் எய்க்மோர்த் கோட்டைக் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். மதத்தை மறுதலித்தால் வெளியே வரலாம். அவர் வெளியே வந்தது 1768இல், 38 ஆண்டுகளின் பின். எதிர்த்து நில் என்ற பொருள்படும் ஒற்றைச் சொல் அக்கோபுரத்தின் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது அவர் பொறித்தது என்பது மரபு.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் மத்திய பிரான்சின் லு ஷாம்போன் மலைக்கிராமப் பகுதியினர். 1940 ஜூனில் பிரான்ஸ் சரணடைந்த மறுநாள், அங்கிருந்த போதகர்கள் அந்த்ரே த்ரொக்மேயும் எதுவார் தெய்ஸும், வன்முறையை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பதே கிறிஸ்தவர் கடமை என்று பிரசங்கித்தனர். அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த மலைப்பகுதியின் பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் பாடசாலைகளிலும் ஆயிரக்கணக்கான அகதிகள் தஞ்சமடைந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் யூதர்கள், பலர் குழந்தைகள். பிடிபடாமல் சுவிஸ் எல்லைக்குக் கொண்டுசெல்லும் வேலையில் சிமாட் அமைப்பு ஈடுபட்டது. இன்றும் பிரான்சில் அகதிகளின் உரிமைகளுக்காக இயங்கும் அதே சிமாட்தான். பாரிசில் அகதி விண்ணப்பத்துடன் அலைந்த எம்மவருக்கு அந்தப் பெயர் புதிதல்ல. போதகரின் உறவினரான டானியல் த்ரொக்மே, தன் பொறுப்பிலிருந்த மாணவர்களுடன் 1943 ஜூனில் கைதாகி, 1944இல் மய்தானெக் முகாமில் இறந்தார்.

இங்கும் குறுக்கு விசாரணை அவசியம். வெகுகாலம் இந்த வரலாறு ஒரு போதகரின் வீரக் கதையாகவே சொல்லப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் வேறு பலரைக் காட்டின: அண்டைக் கிராமங்களின் கத்தோலிக்கர், மதமே இல்லாதவர்கள், பதின்ம வயதிலேயே அடையாள அட்டைகளைப் போலியாகத் தயாரித்து நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றிய ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி போன்ற யூத அகதிகள். காப்பாற்றப்பட்டவர்கள் கைகட்டி நின்றவர்கள் அல்ல. யாட் வாஷெம் நிறுவனம் 1990இல் அந்தப் பகுதி மக்களைக் கூட்டாகக் கௌரவித்தது பொருத்தமே.

துன்புறுத்தப்பட்ட நினைவு தானாகவே ஒரு சமூகத்தை இரக்கமுள்ளதாக்கிவிடும் என்று இதிலிருந்து முடிவு செய்தால் அது தவறாகும். இங்கிலாந்தில் ஒடுக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பியூரித்தன்கள், தமது பொஸ்டன் நகரில் குவேக்கர்களைத் தடைசெய்தார்கள். தடையை மீறித் திரும்பத் திரும்ப வந்த மேரி டையர் என்ற பெண்ணை 1660இல் தூக்கிலிட்டார்கள். அவர்களிடமும் துன்ப நினைவு இருந்தது. நாம் பட்டது இனி எமக்கு நடக்கக் கூடாது என்பது அவர்கள் கற்ற பாடம். லு ஷாம்போன் மக்கள் கற்றது, நாம் பட்டது இனி யாருக்கும் நடக்கக் கூடாது என்பது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

ரொமேரோ: பிந்தி வந்த பார்வை

எல் சல்வடோரின் ஒஸ்கார் ரொமேரோ 1977 பெப்ரவரியில் பேராயரானபோது நிலவுடைமையாளர்கள் மகிழ்ந்தார்கள், முற்போக்கான குருமார் சோர்ந்தார்கள். அமைதியான, புத்தகப் புழுவான, அரசியலை விரும்பாத மனிதர் என்று பெயர். 1975இல் அவருடைய முன்னைய மறைமாவட்டத்தில் தேசியக் காவற்படை விவசாயிகளைக் கொன்றபோது, பகிரங்கமாகக் கண்டிக்காமல் ஜனாதிபதிக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதுவதுடன் நின்றவர். 1977 மார்ச் 12இல் அவருடைய நண்பரான ருத்திலியோ கிராண்டே என்ற குருவானவர், ஒரு முதியவருடனும் ஒரு சிறுவனுடனும் வீதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த ஞாயிறு மறைமாவட்டத்தின் எல்லாத் திருப்பலிகளையும் நிறுத்தி, பேராலயத்தில் ஒரே திருப்பலி என்று ரொமேரோ அறிவித்தார்.

அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் அவருடைய ஞாயிறு மறையுரைகள் வானொலியில் ஒலிபரப்பாகின. காணாமற்போனோர், கொல்லப்பட்டோரின் பெயர்கள், ஊர்கள், திகதிகள் அவற்றில் வாசிக்கப்பட்டன. பத்திரிகைகள் எழுத மறுத்ததை நாடு அந்த வானொலியில்தான் கேட்டது. அரச பயங்கரவாதத்தை முதன்மையாகக் கண்டித்தவர், இடதுசாரி ஆயுதக் குழுக்களின் ஆட்கடத்தலையும் கொலைகளையும் கண்டிக்கத் தயங்கவில்லை. 1979 ஒக்டோபர் இராணுவப் புரட்சிக்கு அவர் ஆரம்பத்தில் அவகாசம் கொடுத்ததை இடதுசாரிகள் கடுமையாக விமர்சித்தனர். நம்பிக்கை பொய்த்ததும் அதையும் வெளிப்படையாகச் சொன்னார். சக ஆயர்களில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே இருந்தனர். 1980 மார்ச் 23இல், சொந்த மக்களைக் கொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று சாதாரணச் சிப்பாய்களை நேரடியாக வேண்டினார். மறுநாள் மாலை, ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கு உத்தரவிட்டவர் முன்னாள் இராணுவ அதிகாரி ரொபேர்த்தோ டோபுய்சொன் என்று ஐ.நா. உண்மை ஆணைக்குழு 1993இல் அறிவித்தது.

வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவிக்க 2018 வரை சென்றது. அவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டாரா, அரசியலுக்காகவா என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. இன்று நாட்டின் சர்வதேச விமான நிலையத்துக்கே அவருடைய பெயர். அவர் பெயர் பெயராக வாசித்த அந்தப் பட்டியல்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே கேட்கப்பட வேண்டியது. மனிதர் மாறலாம், 60 வயதை நெருங்கும்போதும் மாறலாம் என்பதற்கு ரொமேரோ சாட்சி. பிறவியிலேயே புனிதர் என்று அவரை வரைந்துவிட்டால், அந்தச் சாட்சியம் எமக்குப் பயன்படாமற் போய்விடும்.

இரண்டு மறுப்புகள்

இத்தகைய வாசிப்புக்கு இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு வரும். புனிதரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பது பக்திக்கு விரோதம் என்பார் விசுவாசி. ஆனால் விவிலியமே தன் மாந்தரை அவ்வாறு விட்டுவைப்பதில்லை. பேதுருவின் மறுதலிப்பும் தாவீதின் குற்றமும் பவுல் கொலைக்கு உடந்தையாக நின்றதும் அதில் எழுதப்பட்டே இருக்கின்றன. குறையை மறைப்பது பிற்காலத்தவர் கண்டுபிடித்த வழக்கம்.

இடதுசாரி நண்பர் கேட்பது வேறு: இவை விதிவிலக்குகள். திருச்சபை நிறுவனமாக அதிகாரத்துடனேயே நின்றது. இந்த ஒருசிலரைக் காட்டி அதைக் கழுவிவிடுகிறோமா? நியாயமான கேள்வி. மேலே சொன்ன ஒவ்வொரு வரலாற்றிலும் திருச்சபையின் ஒரு பகுதி எதிர்த்தரப்பில் நிற்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விதிவிலக்குகளைப் புறந்தள்ளுவதால் இழப்பு எமக்குத்தான். எந்த அமைப்புக்குள்ளும், அது திருச்சபையானாலும் கட்சியானாலும் இயக்கமானாலும், அதன் சொந்த மொழியைக் கொண்டே அதை எதிர்த்து நிற்பது எப்படி என்பதை இவர்களிடமிருந்தே கற்கலாம். லாஸ் காசாஸ் வெளியிலிருந்து ஒரு புதிய கோட்பாட்டைக் கொண்டுவரவில்லை. கையிலிருந்த புத்தகத்தின் ஒரு பக்கத்தை நேர்மையாக வாசித்தார்.

கடைசியாக ஒரு பெயர். மைக்கேல் ரொட்றிகோ என்ற சிங்களக் கத்தோலிக்கக் குருவானவர். ரோமிலும் பாரிசிலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர். குருமாருக்குக் கற்பித்த பதவியை விட்டு, புத்தளைப் பகுதியின் வறிய பௌத்தக் கிராமம் ஒன்றில், யாரையும் மதம் மாற்றும் நோக்கமின்றி வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி அங்கே திருப்பலியின் முடிவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எமது பக்கத்தில் கொல்லப்பட்ட குருமாரின் பெயர்களை நாம் அறிவோம், அறிந்திருக்கவும் வேண்டும். இவருடைய பெயர் எங்கள் பட்டியல்களில் ஏன் இல்லை? அவர் எமக்காக இறக்கவில்லை என்பதுதான் காரணம் என்றால், நாம் வைத்திருப்பது சாட்சிகளின் பட்டியல் அல்ல. இவ்விடயத்தில் மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் தமது வாதங்களை இப்பக்கங்களில் முன்வைப்பார்களாயின் நல்லது.